பழைய பிட்காயின் வாலெட்டில் இருந்த பெயர்களைப் புதிய வாலெட்டுக்குக் கொண்டுவந்த வேலை

வாலெட் என்பது நம் பிட்காயினுக்கான சாவிகளை வைத்திருக்கும் மென்பொருள். அதை உருவாக்கும்போது அது தரும் 12 அல்லது 24 மீட்புச் சொற்களைப் பத்திரமாக எழுதி வைத்துவிட்டால் வாலெட் முழுவதும் திரும்பி வந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். காசு வரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் எந்த முகவரியை யாருக்குக் கொடுத்தோம், எந்த அக்கவுண்ட் எதற்கு என்று நாம் வைத்த பெயர்களில் ஒன்றுகூட வராது. அந்தப் பெயர்கள் பிளாக்செயின் எனும் பொதுப் பேரேட்டில் ஏறுவதில்லை. அந்தச் சொற்களுக்குள்ளும் இல்லை. நம் கணினியில் கிடக்கும் வாலெட் கோப்பில் மட்டும்தான் இருக்கின்றன. கோப்பு போனால் பெயரும் போச்சு.

நண்பர் ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் தமிழர்களுக்கு நூல் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்து கொடுப்பவர். 2014 தொடங்கிச் சில ஆண்டுகள் கூலியில் ஒரு பகுதியைப் பிட்காயினாக வாங்கியிருக்கிறார். வாடிக்கையாளர் இருக்கும் ஊரின் பெயரில் ஆளுக்கொரு அக்கவுண்ட், அதுவும் தமிழிலேயே: டொராண்டோ, பாரிஸ், சிட்னி என்று. மென்பொருள் பிட்காயின் கோர், பதிப்பு 0.16. அதற்கப்புறம் அந்த மடிக்கணினியில் எதையும் புதுப்பிக்கவில்லை. இப்போது கொஞ்சம் விற்க வேண்டியிருக்கிறது. இந்தியாவில் 2022 ஏப்ரல் 1 முதல் இந்த வகைச் சொத்தை விற்றுக் கிடைக்கும் லாபத்துக்கு 30 சதவீத வரி. வாங்கிய விலையைத் தவிர வேறு எதையும் கழிக்க முடியாது. அதனால் ஒவ்வொரு வரவும் எந்தத் தேதியில், எந்த வேலைக்காக வந்தது என்று ஆடிட்டர் கேட்டிருக்கிறார். "காசு வந்துடும்னு தெரியும் அண்ணே. பேரெல்லாம் ஒண்ணு விடாம வரணும், அதுதான் முக்கியம்" என்றார் நண்பர். அவருடைய வருமானக் கணக்கே அந்தப் பெயர்கள்தான் என்பதால் முழு மனதோடு இந்த வேலையில் இறங்கினேன்.

முதல் காரியம், படி எடுப்பது. பிட்காயின் கோரை முழுவதுமாக மூடிய பிறகுதான் வாலெட் கோப்பை நகலெடுக்க வேண்டும். பழைய வாலெட் பெர்க்லி டிபி என்ற தரவுத்தளத்தில் இருக்கிறது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது கடைசி மாற்றங்கள் பக்கத்து லாக் கோப்பில் தேங்கி நிற்கலாம். அப்போது எடுத்த படியில் அவை இல்லாமல் போகும். மூடி, நகலெடுத்து, இரண்டு கோப்புக்கும் ஷா-256 (கோப்பின் கைரேகை போன்ற எண்) கணக்கிட்டு ஒத்துப் பார்த்தேன். மூலத்தை ஒரு பென் டிரைவில் போட்டுத் தனியே வைத்தாயிற்று. இனி எல்லாம் படியின் மேல்தான். இணையத்தைத் துண்டித்துவிட்டு, அதே 0.16 பதிப்பை, அதே பழைய பிளாக் தரவோடு ஓடவிட்டேன். பெயர்களை எடுக்க இது போதும்.

ஏன் பழைய பதிப்பு? கோரில் அக்கவுண்ட் என்ற ஏற்பாடு 2018-இல் வந்த 0.17-இலேயே ஓரங்கட்டப்பட்டது. அதில் அக்கவுண்ட் கட்டளைகள் வேண்டுமென்றால் தனியாக ஒரு விருப்பத்தைக் கொடுத்துத் தொடங்க வேண்டும். 2019-இல் வந்த 0.18-இல் அந்தக் கட்டளைகளே இல்லை. முகவரிக்கு வைத்த பெயர் லேபிளாக அப்படியே தொடரும், அது நல்ல செய்தி. ஆனால் அக்கவுண்ட் வாரியான இருப்பு, ஒரு அக்கவுண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி எழுதிய பதிவுகள், இவையெல்லாம் புதிய பதிப்பில் கண்ணுக்கே தெரியாது. பார்க்க வேண்டியதைப் பழையதிலேயே பார்த்து எழுதி வைத்துவிடுவது நல்லது.

லிஸ்ட்அக்கவுண்ட்ஸ் கட்டளையைக் கொடுத்ததும் வந்த பட்டியலைப் பார்த்து நண்பர் பதறிவிட்டார். ஊர்ப் பெயர்களுக்கு எதிரே நல்ல தொகை. பெயரே இல்லாத ஓர் அக்கவுண்டுக்கு எதிரே பெரிய மைனஸ். பணம் எதுவும் காணாமல் போகவில்லை. அந்த ஏற்பாடு வேலை செய்த விதமே அப்படி. உண்டியல் ஒன்றுதான், பக்கத்தில் இருக்கும் நோட்டில்தான் பல பெயர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவிகளும் நாணயங்களும் வாலெட் முழுவதற்கும் பொது. டொராண்டோவின் முகவரிக்கு வந்தது டொராண்டோ பெயரில் வரவாகும். ஆனால் சாதாரணமாக மென்பொருளின் ஜன்னலில் இருந்து அனுப்பினால், செலவு முழுவதும் பெயரில்லாத இயல்பு அக்கவுண்டின் தலையில் விழும். சென்ட்ஃப்ரம் கட்டளையில் அக்கவுண்டைச் சொல்லி அனுப்பினாலும் நோட்டில்தான் அந்தப் பெயரில் கழியும். உண்மையில் எந்த நாணயம் வெளியே போகிறது என்பதை வாலெட் தன் பாட்டுக்குத் தேர்ந்தெடுக்கும். மூவ் கட்டளையோ பிளாக்செயினைத் தொடாமல் நோட்டில் மட்டும் எண்ணை மாற்றும். எல்லா அக்கவுண்டுகளையும் மைனஸோடு சேர்த்துக் கூட்டினால் வாலெட்டின் மொத்த இருப்பு சரியாக வந்தது. நண்பருக்கும் மூச்சு வந்தது.

அதனால் ஒரு முடிவெடுத்தேன். அக்கவுண்ட் இருப்புகளைப் புதிய வாலெட்டில் மறுபடி உண்டாக்க முயலக் கூடாது. பத்திரமாகக் கொண்டுபோக வேண்டியவை இரண்டு: எந்த முகவரிக்கு என்ன பெயர், எந்தப் பரிவர்த்தனை எந்த முகவரிக்கு எப்போது வந்தது. மூவ் பதிவுகளை லிஸ்ட்டிரான்சாக்‌ஷன்ஸ் கட்டளை காட்டியதிலிருந்து அப்படியே ஒரு ஜேசன் (எளிய உரை வடிவம்) கோப்பாகச் சேமித்தேன். அவை நண்பரின் நாட்குறிப்பு. வருங்காலத்தில் ஏதாவது கேள்வி வந்தால் காட்டலாம், அவ்வளவுதான். அனுப்பும் முகவரிகளுக்கு வைத்த பெயர்கள் லிஸ்ட்அக்கவுண்ட்ஸில் வராது. அவற்றை முகவரிப் புத்தக ஜன்னலில் உள்ள எக்ஸ்போர்ட் பொத்தானால் தனியே சிஎஸ்வி எனும் அட்டவணைக் கோப்பாக எடுத்தேன்.

இனிதான் இந்த வேலையின் கடினமான பகுதி.

பட்டியலில் டொராண்டோ இரண்டு முறை இருந்தது. திரையில் பார்த்தால் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. பைத்தான் நிரல்மொழியில் நீளத்தைக் கேட்டால் ஒன்று 8 குறிகள், இன்னொன்று 10. பைட்டுகளாகப் பார்த்தால் 24-உம் 30-உம். காரணம் 'டொ', 'டோ' இரண்டிலும் இருக்கும் உயிர்க்குறி. யூனிகோடில் 'ொ' என்பதை ஒரே குறியாகவும் எழுதலாம். முன்னால் ஒற்றைக் கொம்பு, பின்னால் கால் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். 'ோ'வும் அப்படித்தான். பழைய எழுத்துரு மாற்றிகளில் இருந்து நகலெடுத்து ஒட்டினால் பிரிந்த வடிவம் வருவது சகஜம். தட்டச்சுத் தொழிலில் இருக்கும் நண்பரிடம் அப்படிப்பட்ட மாற்றிகள் நிறையவே உண்டு. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் வாலெட் பைட்டுகளைத்தான் ஒப்பிடுகிறது, அதற்கு இவை இரண்டு வேறு பெயர்கள். போதாக்குறைக்கு, பழைய கோரில் இல்லாத அக்கவுண்ட் பெயரைச் சொல்லி முகவரி கேட்டால் 'அப்படி ஒன்று இல்லையே' என்று சொல்லாது. அந்தப் பெயரில் புதிதாக ஒன்றைத் திறந்து முகவரியைக் கையில் கொடுத்துவிடும். ஆக, ஒரே வாடிக்கையாளர் ஓசையில்லாமல் இரண்டாகப் பிரிந்துவிட்டார்.

பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதியில் என்எஃப்சி என்ற ஒழுங்குபடுத்தும் முறை இருக்கிறது. அதில் ஒவ்வொரு பெயரையும் போட்டால் பிரிந்த கொம்பும் காலும் ஒன்றாகச் சேரும். இரு ஓரத்திலும் இருக்கும் இடைவெளியையும் வெட்டிவிட்டு ஒரே பெயராக வருபவற்றைக் குழு சேர்த்தேன். இன்னும் சில இரட்டைகள் அகப்பட்டன, பெரும்பாலும் கடைசியில் ஒட்டியிருந்த ஒரு வெற்றிடம்தான் காரணம். ஆனால் என்எஃப்சி எல்லாவற்றையும் தீர்க்காது. 'ஔ' எழுத்துக்குப் பதில் 'ஒ'வும் 'ள'வும் தட்டியிருந்தால் அது தீண்டாது. காலுக்குப் பதில் 'ர' தட்டியிருந்தாலும் அப்படியே விட்டுவிடும். இவற்றை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். எழுத்துருவைப் பெரிதாக்கி, நண்பரைப் பக்கத்தில் உட்காரவைத்து, வரி வரியாகப் படித்தோம்.

கண்ணுக்குத் தெரியாத இணைப்பு மறுப்புக் குறி ஒன்றும் உண்டு. 'ரிக்‌ஷா' என்று எழுதும்போது 'க்ஷ' என்ற கூட்டெழுத்தாக மாறிவிடாமல் தடுக்க நாம் நடுவில் போடுவது. என்எஃப்சி இதை நீக்காது. எல்லா இடத்திலும் துடைத்துவிட்டால் பெயரின் தோற்றமே மாறும். எனவே ஒப்பிடுவதற்கு மட்டும் இந்தக் குறி நீக்கிய ஒரு படி, சேமிப்பதற்கு நண்பர் எழுதியது எழுதியபடி என இரண்டு பத்திகளாக வைத்துக்கொண்டேன். ஒருவர் வைத்த பெயரை நம் வசதிக்காக மாற்றிவிடக் கூடாது என்பது என் கட்சி.

அப்புறம் கேள்விக்குறிகள். இரண்டு அக்கவுண்டுகளின் பெயர் வெறும் கேள்விக்குறி வரிசை. தமிழ் தாங்காத ஒரு டெர்மினல் (கட்டளை தட்டும்) ஜன்னலில் தட்டிய பெயர்கள் அவை; அந்த ஜன்னல் தனக்குத் தெரியாத ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பியிருக்கிறது. மூல எழுத்து வாலெட்டுக்குள் போகவே இல்லை, எந்த மீட்பும் அதைக் கொண்டுவராது. ஆனால் எண்ணிக்கை மிஞ்சியிருக்கிறது. முதல் பெயரில் 4 கேள்விக்குறிகள். நண்பரின் வாடிக்கையாளர்கள் இருக்கும் ஊர், நாட்டுப் பெயர்களில் 4 குறிகளில் முடிவது 'கனடா' மட்டும்தான். அடுத்ததில் 6. 'பாரிஸ்' என்பதும் 6 குறி, 'சிட்னி' என்பதும் 6 குறி, புள்ளியும் கொக்கியும் தனித்தனிக் குறிகள் ஆயிற்றே. பணம் வந்த தேதியை நண்பரின் பில் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தோம். அந்த வாரத்தில் பில் போட்டிருந்தது பாரிஸுக்குத்தான். சரி, அது பாரிஸ். இதற்குப் பிறகு கட்டளைகளை டெர்மினலில் தட்டுவதையே விட்டுவிட்டேன். பைத்தானிலிருந்து நேராக ஜேசனாக அனுப்பினால் தமிழ் பைட் மாறாமல் போகிறது.

டம்ப்வாலெட் என்று ஒரு கட்டளை இருக்கிறது. அது எழுதும் உரைக் கோப்பிலும் ஒவ்வொரு சாவிக்குப் பக்கத்தில் லேபிள் வரும். தமிழ் என்றால் குறிக்கு மூன்று துண்டாகச் சதவீதக் குறி போட்ட எண்களாக இருக்கும். சரிபார்க்க உதவும்தான். ஆனால் அதே கோப்பில் பணத்தைச் செலவழிக்க உதவும் தனிச் சாவிகளும் திறந்தபடி கிடக்கும். பெயர்களுக்காக அதைத் தொட வேண்டாம். ஓர் அக்கவுண்டின் முகவரிகளைத் தரும் கெட்அட்ரஸஸ்பைஅக்கவுண்ட் கட்டளையே போதும்.

பெயர்கள் சுத்தமானதும் எந்த வடிவத்தில் சேமிப்பது என்ற கேள்வி. பிஐபி (பிட்காயின் மேம்பாட்டு முன்மொழிவு) 329 என்ற தரம் இதற்காகவே எழுதப்பட்டது. ஸ்பாரோ வாலெட்டை உருவாக்கிய கிரேக் ரா 2022-இல் முன்வைத்தது. வரிக்கு ஒரு ஜேசன். அதில் வகை, எதைக் குறிக்கிறது, பெயர் என மூன்று தகவல்கள் இருந்தால் போதும். முகவரி, பரிவர்த்தனை, உள்ளீடு, வெளியீடு (பரிவர்த்தனையில் பிறக்கும் நாணயம்), பொதுச் சாவி, எக்ஸ்பப் (ஓர் அக்கவுண்டின் எல்லா முகவரிகளையும் உண்டாக்கும் பொதுச் சாவி) என்று வகைகள். அக்கவுண்டுக்கே பெயர் வைக்க வேண்டும் என்றால் அது எக்ஸ்பப் வரியில் போகும். எனக்குப் பிடித்தது, இது வெறும் உரைக் கோப்பு என்பதுதான். எந்த வாலெட் நிறுவனம் மூடினாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம்.

புதிய கோரில் ஏற்றுவதற்கு முன்னால் வாலெட்டின் வடிவத்தை மாற்ற வேண்டும். 2025-இல் வந்த பதிப்பு 30 முதல் பழைய பெர்க்லி வாலெட்டை நேராகத் திறக்க முடியாது. மைக்ரேட்வாலெட் கட்டளையால் டிஸ்கிரிப்டர் எனும் புதிய வகை வாலெட்டாக மாற்றிக்கொள்ள வேண்டும், இதற்கு அடியில் இருப்பது எஸ்க்யூலைட் தரவுத்தளம். முகவரிப் பெயர்கள் இந்த மாற்றத்தில் கூடவே வந்தன. பிறகு, பைத்தான் ஸ்கிரிப்டிலிருந்து முகவரிக்குப் பெயர் வைக்கும் செட்லேபிள் கட்டளையை வரிக்கு வரி ஓட்டித் திருத்திய பெயர்களை ஏற்றினேன். வெறும் நட்சத்திரக் குறியைப் பெயராகக் கொடுத்தால் மறுத்துவிடும், அது 'எல்லாம்' என்பதற்கு ஒதுக்கியது. மற்றபடி எதையும் ஏற்றுக்கொள்கிறது.

ஒரு இடத்தில் மட்டும் மிகவும் கவனம் வேண்டும். ஒரு தொகையை அனுப்பும்போது மீதிச் சில்லறை நம் வாலெட்டுக்கே ஒரு புதிய முகவரியில் திரும்பி வரும். இது சில்லறை முகவரி என்று கோர் எப்படிக் கண்டுபிடிக்கிறது? முகவரி நம்முடையது, ஆனால் முகவரிப் புத்தகத்தில் இல்லை என்றால் சில்லறை. அவ்வளவுதான் அதன் கணக்கு. அந்த முகவரிக்கு நாம் 'டொராண்டோ மீதி' என்று ஆசையாகப் பெயர் வைத்த நொடியில் அது முகவரிப் புத்தகத்துக்குள் வந்துவிடுகிறது. அதன்பின் பரிவர்த்தனைப் பட்டியலில் அந்த மீதி ஒரு புதிய வரவாகத் தெரியத் தொடங்கும். மொத்த இருப்பு மாறாது. ஆனால் பட்டியலைப் பார்த்து வருமானம் கணக்கிடும் ஆடிட்டருக்கு அங்கே இல்லாத வருமானம் தெரியும். எனவே ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முகவரிக்கும் முதலில் கெட்அட்ரஸ்இன்ஃபோ கேட்டு, சில்லறை என்று பதில் வந்தால் செட்லேபிள் செய்யாமல் தாண்டிவிடுகிறது. அந்த மீதிகளுக்கான குறிப்பு பிஐபி 329 கோப்பில் 'வெளியீடு' வகையில், பரிவர்த்தனை எண்ணோடும் வரிசை எண்ணோடும் போகிறது. கோருக்குள் போகாது, கோப்பில் மட்டும் இருக்கும்.

நண்பருக்குக் கடைசியில் வேண்டியது சொற்களால் மீட்கக்கூடிய ஒரு வன்பொருள் வாலெட் (சாவிகளை வைத்திருக்கும் தனிக் கருவி). அவருடைய 2014 சாவிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிறந்தவை, அவற்றுக்குச் சொற்கள் கிடையாது. ஆக நாணயங்களை அனுப்பித்தான் ஆக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பரிவர்த்தனையில் வாரி அனுப்பினால் கட்டணம் குறையும், ஆனால் டொராண்டோவும் பாரிஸும் ஒரே நாணயமாகக் கலந்துவிடும். அத்தனை பாடுபட்டுத் தேடிய பெயருக்கு ஒட்டிக்கொள்ள இடம் இருக்காது. அதனால் நாணயங்களைக் கையால் தேர்ந்தெடுக்கும் வசதியை இயக்கி, பெயருக்கு ஒரு பரிவர்த்தனை என்று அனுப்பினோம். கட்டணம் கொஞ்சம் கூடத்தான் ஆனது, அது கொடுக்கத் தகுந்த விலை. ஒவ்வொன்றும் போய்ச் சேர்ந்ததும் புதிய வெளியீட்டுக்கு ஊர், பழைய வரவு மாதம், பில் எண் சேர்த்து லேபிள்.

புதிய வாலெட்டில் அக்கவுண்ட் என்பது உண்மையிலேயே தனித் தனிச் சாவிக் கிளை. பிஐபி 44 வகுத்த பாதையில் நோக்கம், நாணயம் என்ற எண்களுக்கு அடுத்தது அக்கவுண்ட் எண்: 0, 1, 2 என்று. சொற்களிலிருந்து மீட்கும்போது மென்பொருள் 0-இல் தொடங்கித் தேடும். பரிவர்த்தனையே இல்லாத முதல் அக்கவுண்டில் நின்றுவிடும். 1-ஐக் காலியாக விட்டு 2-இல் பணம் வைத்தால், மீட்பில் 2 தானாகத் தெரியாது. பெயரோ எப்படியும் வராது. அதனால் அக்கவுண்ட் பெயரிலேயே எண்ணை முன்னால் போடச் சொன்னேன்: '0 பழைய கூலி', '1 புதிய கூலி', '2 சேமிப்பு'. இந்தப் பெயர்களும் பாதையும் எக்ஸ்பப் வரிகளாகக் கோப்பில் இருக்கின்றன; ஒரு தாளில் எழுதிச் சொற்கள் இருக்கும் இடத்தில் இல்லாமல் வேறிடத்திலும் வைத்தாயிற்று.

கோப்பைச் சோதிக்க, ஸ்பாரோவில் அதே எக்ஸ்பப்பை வைத்துப் பார்க்க மட்டும் முடிகிற ஒரு வெற்று வாலெட்டை உண்டாக்கினேன். எல்லாம் பெயரில்லாமல் வந்து நின்றது. லேபிள் கோப்பை ஏற்றியதும் ஊர்கள் ஒவ்வொன்றாக இடத்தில் போய் உட்கார்ந்தன. மறுபடி எக்ஸ்போர்ட் செய்து, முதல் கோப்போடு வரிசைப்படுத்தி ஒப்பிட்டேன். புதிய வாலெட்டுக்கு நாம் போட்ட வரிகள் எல்லாம் அப்படியே இருந்தன. பெயர் பேக்கப் எடுப்பவர்கள் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்து பாருங்கள்.

அந்தரங்கம் பற்றியும் சொல்ல வேண்டும். கோரில் வாலெட்டுக்குக் கடவுச்சொல் போட்டால் தனிச் சாவிகள் மட்டும்தான் மறைக்கப்படும். முகவரிகளும் பெயர்களும் கோப்பில் திறந்தபடியே இருக்கும். லேபிள் கோப்பும் அதைப் போலத்தான். யார் எவ்வளவு கொடுத்தார் என்று அதை வைத்தே சொல்லிவிடலாம். ஆட்பெயர் போடாமல் ஊரும் பில் எண்ணும் மட்டும் வைத்தது இதற்காகவும்தான். கோப்பைக் கடவுச்சொல் போட்ட ஜிப்பில் அடைத்தோம்.

ஆடிட்டருக்கான தாள் கடைசி. சிஎஸ்வியில் தமிழைச் சும்மா எழுதி எக்செல்லில் திறந்தால் கிறுக்கலாக வரும். பைத்தானில் யூடிஎஃப்-8-சிக் என்ற குறியாக்கத்தில் எழுதினால் சரியாகத் திறக்கும். கழித்தல் குறியிலோ சமக் குறியிலோ தொடங்கும் பெயரை எக்செல் சூத்திரம் என்று எடுத்துக்கொள்ளும். நண்பர் ஒரு வரவுக்குத் திருப்பிக் கொடுத்ததை மைனஸ் போட்டு எழுதியிருந்தார், அதை 'திருப்பம்' என்று தொடங்கும்படி அவரைக் கேட்டு மாற்றினேன். தேதிதான் மிக முக்கியம். வாலெட் தரும் நேரம் உலகப் பொது நேரக் கணக்கு. மார்ச் 31 இரவு 8 மணிக்கு அங்கே பதிவானது நமக்கு ஏப்ரல் 1 அதிகாலை 1.30, அதாவது அடுத்த நிதியாண்டு. ஐந்தரை மணி நேரம் கூட்டிய பிறகு ஒரு வரவு அப்படித் தாண்டி விழுந்தது. அந்த வரிக்கு மட்டும் இரண்டு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, பில்லின் நகலோடு கொடுத்திருக்கிறோம்.